வெட்டுப்பட்ட பதினோரு நொடி

ஈரக்காற்று புழுங்கும் ஆகஸ்ட் இரவுகளில் மட்டும்
கடல் தாண்டி வந்துவிடும் பஹ்ரைன் சேனல்,
அல்கோபரில் எங்கள் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு.
புள்ளி விழாமல், கோடு விழாமல்,
எதிர்வீட்டுச் சன்னல்போல.

அப்படியொரு இரவில் பதிவானது அந்தப் படம்,
அப்பாவின் கம்பெனி ஆண்டுவிழா கேசட்டின் மேல்.
தொடக்கத்தில் இன்னமும் நாலு பேர் கைதட்டுவார்கள்.
அப்புறம் அமெரிக்கா.

மஞ்சள் பஸ். நடைவழி நெடுக இரும்புப் பெட்டிகள்,
ஆளுக்கொன்று, பூட்டோடு.
ஜெசிந்தாவும் நானும் முதலில் ஏங்கியது அதற்குத்தான்,
அந்தப் பையனுக்கு அல்ல.
எங்களுக்கு மேசைகூடச் சொந்தமில்லை.
காலையில் பெண்கள், பிற்பகலில் பையன்கள்.
மரத்தில் நான் பென்சிலால் போட்ட சைன் தீட்டா கணக்கை
மறுநாளைக்குள் எவனோ திருத்தியிருப்பான்.
கூட்டல் குறியை மட்டும் கொஞ்சம் சாய்த்து எழுதுவான்.
எனக்கு வந்த காதல் கடிதம் அவ்வளவுதான்.
பரீட்சைக்கு முந்தின வாரம்
மேசைகளுக்கெல்லாம் வார்னிஷ் அடித்துவிட்டார்கள்.

படத்தின் நடுவே இஷா பாங்கு வரும்.
திரையில் ஒரு மினாரா, ஒரு பிறை.
முடிந்ததும், விட்ட சொல்லின் பாதியிலிருந்து தொடரும்.
அதில் எதுவும் தொலையவில்லை.
தொலைந்தது கடைசியில்.

நடனம் முடிந்த காலி ஜிம்மில், பலூன்களுக்கு நடுவே
அவன் அவளை நோக்கிக் குனிகிறான்,
ஒரு துள்ளல்,
அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கத்தரி வைத்தவர் நல்ல கைகாரர்.
இசைகூட ஒரே விக்கலில் ஒட்டிக்கொண்டது.

முப்பது தடவையாவது பார்த்திருப்போம்.
முத்தம் என்றால் அழுகையில் முடிவது
என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது.
ஜெசிந்தா கண்ணாடி முன் பழகினாள்:
குனிய ஆளில்லாமல், முத்தமில்லாமல்,
நேரே அந்தத் துடைப்பதை மட்டும்.
தூத்துக்குடியில், கல்யாணத்தன்று,
முகத்து வலைத்துணியை விலக்கியபோதும்
அதேபோல் துடைத்தாள், நடுவிரலால், மை கலையாமல்.
கோயில் நிறைய ஆட்கள்.
எனக்கு மட்டும் தெரிந்தது அது எந்தப் படமென்று.

நேற்று, மகளின் டியூஷன் வாசலில்,
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ஓட்டுகிற சீட்டைப் பின்னால் சாய்த்து
ஸ்டீயரிங்கில் போனை நிறுத்திவைத்துப் பார்த்தேன்.
முழுப்படம். கத்தரி படாதது.

பதினாறு வயதாக நடிக்க
முப்பது வயதுக்காரர்கள் கன்னம் உப்புகிறார்கள்.
பையனை இப்போது பிடிக்கவில்லை. யாரையும் பேச விடுவதில்லை.
அவளுடைய அம்மா ஒரு காட்சியில்
முதுகைக் காட்டித் தட்டுகளைக் கழுவுகிறாள்.
அவளைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்களென்று
கடைசிவரை காத்திருந்தேன்.

ஜிம். பலூன்கள். குனிகிறான்.
என் உடம்பு அந்தத் துள்ளலுக்குத் தயாராகிறது,
வேகத்தடைக்கு முன்னால் போல.

துள்ளவில்லை.

மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன.
அவன் பல்லில் ஏதோ கீரை. பார்த்துவிட்டாள்.
முத்தம் நடந்ததா இல்லையா, சத்தியமாகத் தெரியவில்லை.
சிரிக்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
காலடியில் ஒரு பலூன் வெடிக்க, அதற்கும் சிரித்து,
மூச்சு முட்டி, கண்ணில் நீர் வழிய
துடைக்கிறாள்.

பதினோரு நொடி. மூன்று தடவை எண்ணினேன்.

ஜெசிந்தாவுக்கு அந்தத் துண்டை அனுப்பினேன், மஸ்கட்டுக்கு.
இரண்டு டிக்கும் நீலமாயின.
எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது.
கடைசியில் வந்தது ஒரே சொல்:
போடி.

கதவு திறந்து
வெக்கையும் மகளும் ஒன்றாக ஏறினார்கள்.
'என்ன படம்மா?'
'பழசு.'
'சோகமா?'
சீட்பெல்ட் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.
இழுத்துக்கொண்டே சொன்னேன்:
'இல்லையாம்.'